மூன்று டீச்சர்களும் ஓர் இரட்டைப் படகும்

போன ஞாயிற்றுக்கிழமை ஓமலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள். நல்ல பட்டுப்புடவை, நல்ல சிரிப்பு. முன்பின் பார்த்ததில்லை. வீடியோக்காரர் லைட்டைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்து, மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க... தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் படகுல போன டீச்சரு நீங்கதானுங்களே?"

எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"நாலு நாளு தீவுலயே தங்கீட்டீங்களாமா? அஞ்சாறு ஆம்பளைங்க கூட இருந்தாங்களாமா?"

பத்து வருஷம் ஆகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு, அந்த ஊரை விட்டு, கல்யாணமாகி, சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்குக் குடிவந்து, வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதி... என்ன பிரயோஜனம்? பந்தியில் உட்கார்ந்தால் நான் படகு டீச்சர்!

ஒரு ராத்திரி நாலு நாளாகியிருக்கிறது. ஒரு படகுக்காரர் அஞ்சாறு பேராகியிருக்கிறார். கூடவே இருந்த அவருடைய மனைவி மட்டும் காணாமல் போயிருக்கிறார். ஊர்ப்பேச்சில் எது வளரும், எது கரையும் என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

"அது நானில்லைங்க. அது வேற டீச்சரு" என்றேன்.

பொய். வாய் கூசாமல் வந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் கூசியது. என் மாமியாரைப் பற்றி, பல்வலியைப் பற்றி, காஸ் சிலிண்டருக்குக் காத்துக் கிடந்ததைப் பற்றியெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம் — ஆனால் அந்த அம்மாள் நினைக்கிற வெட்கம் இல்லை.

நாமக்கல் பக்கத்தில் ஒரு தனியார் பெண்கள் பள்ளி. மூன்று பேர் சிநேகிதிகள். கண்ணம்மாள் கணக்கு டீச்சர். எங்களில் மூத்தவர். திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் துரவுள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவருக்கு இரண்டு லாரி. சரோஜா டிரில் டீச்சர். அப்பா இல்லை. அம்மா தறிக்குக் கூலிக்குப் போய்ப் படிக்கவைத்தார். நான் சயின்ஸ். சேர்ந்து ஒன்றரை வருஷம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அலை எப்படி உண்டாகிறது என்று நான் போர்டில் படம் போட்டு நடத்திக்கொண்டிருந்தேன். அலையைப் பார்த்ததில்லை! எங்கள் மூன்று பேருக்குமே தண்ணீர் என்றால் கிணறுதான்.

அரையாண்டுப் பரீட்சை லீவில் கடலுக்குப் போவோம் என்று ஆரம்பித்தவள் சரோஜா. மண்டபத்துக்குத் தெற்கே வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன, படகில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று எங்கோ படித்திருந்தாள்.

"எங்கூட்ல உடவே மாட்டாங்க" என்றார் கண்ணம்மாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "ராமேஸ்வரம்னு சொல்லீரலாம். சாமி கும்புடப் போறோம்னா யாரு வேண்டாங்கறது?"

இதைச் சொன்னது கண்ணம்மாள். தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்திலும் தீர்த்தமாடினோம். அவசர அவசரமாக, ஒரே காலையில்! மறுநாள் மண்டபம். படகுக்காரர் பெயர் அந்தோணி. இரண்டு சின்ன வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நடுவில் பலகை போட்டுக் கயிற்றால் பிணைத்து, ஒரு பாய் கட்டியிருந்தார். அப்படிப் பிணைத்தால் கவிழாதாம். அதைக் கேட்டபிறகுதான் கண்ணம்மாள் ஏறினார். பெண்பிள்ளைகள் தனியாக வருகிறார்களே என்று அந்தோணி தன் மனைவி பிலோமியையும் கூட்டிக்கொண்டார். சாயங்காலம் திரும்பி ராத்திரி ரயிலைப் பிடிப்பதாகத் திட்டம்.

வாடைக்காற்று காலம். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. போகும்போது சுகம்! பாயை விரித்ததும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி படகு ஓடியது. முதல் தீவில் சங்கு பொறுக்கினோம். இரண்டாவதில் கட்டுச்சோறு சாப்பிட்டோம். திரும்பும்போது இதே காற்று முகத்தில் அறையுமே என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சயின்ஸ் டீச்சர்தான்... இருந்தாலும்!

இரண்டாவது தீவிலிருந்து புறப்பட, முழங்கால் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டிருந்த அந்தோணி திடீரென்று அலறிக்கொண்டு உட்கார்ந்தார். மணலுக்குள் கிடந்த திருக்கை மீனை மிதித்துவிட்டார். வாலிலிருந்த முள் காலில் ஏறிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் வீங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்க வள்ளத்தில் படுத்துவிட்டார்.

பிலோமி சுக்கானைப் பிடித்தார். எங்களைப் பார்த்தார்.

"ஆத்தா, மூணு பேரும் கை குடுத்தாத்தான் கரை. பாய்க்கயிறு யாரு புடிக்கிறது?"

சரோஜா எழுந்தாள். நானும் எழுந்தேன். வலது பக்க வள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஓர் அலுமினியச் சட்டியோடு அதில் இறங்கி, கண்ணம்மாள் இறைக்க ஆரம்பித்தார்.

எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் பாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். "இழுங்கத்தா! இப்ப விடுங்க... விடுன்னா விடணும்!" என்று பிலோமி கத்துவார். விடச் சொன்னபோது நான் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. சரோஜாவுக்கு இரண்டாவது வளைவிலேயே பிடிபட்டுவிட்டது.

பாதி தூரம் வந்திருப்போம். குறுக்கே ஓர் அலை வந்து மோதியது. முன்பக்கத்துப் பிணைப்புக் கயிறு படாரென்று அறுந்தது. பலகை நழுவியது. கதவு திறக்கிற மாதிரி இரண்டு வள்ளமும் விலகின. பின்னால் ஒரே ஒரு கயிறுதான் பாக்கி. வலது பக்க வள்ளத்தில் கண்ணம்மாள், தனியாக, கையில் சட்டியோடு.

அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்தார். நான் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்... அந்த நேரத்தில் அவ்வளவுதான் நான் செய்தது.

சரோஜா புடவையை வரிந்து கட்டினாள். ஒரு கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்தாள். குதித்தாள்.

கிணற்று நீச்சல்தான். ஆனால் கிணற்றில் அலை கிடையாதே! இரண்டு முறை மூழ்கினாள். மூன்றாவது முறை அந்த வள்ளத்தின் விளிம்பில் அவள் கை தெரிந்தது. கண்ணம்மாள் சட்டியை எறிந்துவிட்டு அவள் தோளைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேருமாகக் கயிற்றைக் கட்டினார்கள், நாங்கள் இந்தப் பக்கம் இழுத்தோம், வள்ளங்கள் சேர்ந்தன.

"நீ எங்கூடப் பொறந்தவடி... எங்கூடப் பொறந்தவடி" என்று சொல்லிச் சொல்லி அழுதார் கண்ணம்மாள்.

இனிமேல் முடியாது என்று பிலோமி படகைத் திருப்பிவிட்டார். காற்றே எங்களைத் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாசி எடுக்க வருகிறவர்கள் போட்டிருந்த ஒரு கொட்டகை. ஐந்து பேருக்கும் கஞ்சி. அந்தோணியின் காலில் வெந்நீர் ஊற்றி ஊற்றித் துணி மாற்றியது கண்ணம்மாள்தான். ஊர் கதைகட்டிய அந்த ராத்திரி இவ்வளவுதான்.

காலையில் காற்று அடங்கியிருந்தது. அறுந்த இடத்தில் புதுக்கயிறு போட்டுக் கிளம்பினோம். சரோஜா சுக்கானில், நான் பாய்க்கயிற்றில். இந்தத் தடவை விடு என்றால் விட்டேன்! கரை தெரிந்ததும் கண்ணம்மாள், "நான் கொஞ்சம் புடிக்கட்டுமா?" என்று சரோஜாவிடம் கேட்டார். கடைசி அரை மைல் அவர்தான் சுக்கான் பிடித்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முடி பறக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. அந்தக் கண்ணம்மாளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

கரையேறியதும் ஒரு காரியம் செய்தேன். ஒருநாள் தாமதமாகிறதே, வீட்டில் பயப்படுவார்களே என்று தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். மூன்று வீட்டுக்கும் ஒரே வாசகம். ‘போட் லேட். ஆல் சேஃப்.’

ஆங்கிலம் படித்த புத்தி!

கண்ணம்மாள் வீட்டு வாசலில் தந்திச் சேவகர் அதைச் சத்தமாகப் படித்து அர்த்தமும் சொல்லியிருக்கிறார். "படகு லேட்டாமுங்க. எல்லாரும் நல்லா இருக்காங்களாமுங்க."

அவருடைய மாமியார் கேட்ட கேள்வி அன்றைக்கே ஊரெல்லாம் சுற்றிவிட்டது: "ராமேஸ்வரத்துக்கு ரயிலுதான போவுது? படகு எங்கிருந்துடா வந்துது?"

நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள் லீவு முடிந்து பள்ளி திறந்தது. கண்ணம்மாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றார். எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் வகுப்புக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்துத் தாளாளர் என்னை அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். கண்ணம்மாளின் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு காகிதம். கண்ணம்மாளின் முத்து முத்தான கையெழுத்து.

கோயிலுக்குப் போவதாகச் சொல்லிச் சரோஜா டீச்சர் ஏமாற்றிக் கூட்டிப் போனதாக அதில் இருந்தது. கட்டாயப்படுத்திப் படகில் ஏற்றியதாக இருந்தது. ராத்திரி சரோஜா படகுக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததாகவும், தான் தனியே ஒதுங்கியிருந்ததாகவும் இருந்தது. பிலோமி என்ற பெயரே அதில் இல்லை.

"அம்மிணி, உங்கப்பாவ எனக்கு நல்லாத் தெரியும். மானமான குடும்பம்" என்றார் தாளாளர். குரலில் அவ்வளவு பாசம். "இதுக்குக் கீழ சாட்சின்னு ஒரு கையெழுத்து. அதோட உங்க பேரு இதுல வராமப் பாத்துக்கறேன். ஜூன்ல உங்கள நிரந்தரமாக்கி ஆர்டர் வேற போடோணும்."

மிரட்டினாரா என்று கேட்டால், இல்லை. காபி வரவழைத்துக் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டேன். உள்ளங்கையில் கயிறு அறுத்த புண் இன்னும் ஆறவில்லை. பேனாவைப் பிடிக்க வலித்தது. இருந்தும் போட்டேன்.

சரோஜாவிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். எழுதாவிட்டால் வேறு எங்கும் வேலை கிடைக்காதபடி செய்துவிடுவோம் என்றார்களாம். அவளுக்காகக் கேட்க யார் இருந்தார்கள்? தறிக்குப் போகிற ஓர் அம்மா!

அவள் ஊரைவிட்டுப் போன அன்று பஸ் ஸ்டாப்பில் அகப்பட்டுக்கொண்டேன். தகரப் பெட்டியோடு நின்றிருந்தாள். தப்பிக்க வழியில்லை.

"விஜயா, அந்தக் காயிதத்தப் படிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் தண்ணில குதிச்சது அதுல இருக்குதா?"

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

"இல்லையா? செரி." பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "அக்காவச் சொல்லிக் குத்தமில்ல. எழுதலீன்னா அவங்கூட்ல கொன்னு போட்டிருப்பாங்க. உனக்கென்ன புள்ள? உன்ன அடிக்கறதுக்கு ஊட்ல யாரு இருக்கறா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"வேலை..." என்றேன்.

தலையை ஆட்டினாள். புரிந்துவிட்டதாம். பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கிவிடக் கைநீட்டினேன். "வேண்டாம், நானே வெச்சுக்கறேன்" என்று ஏறிப் போய்விட்டாள்.

ஜூனில் எனக்கு ஆர்டர் வந்தது. கண்ணம்மாள் இன்று அந்தப் பள்ளியின் உதவித் தலைமையாசிரியை. எங்காவது பார்த்தால் துவரம்பருப்பு விலையைப் பற்றிப் பேசுவோம், பஸ் வசதியைப் பற்றிப் பேசுவோம். ‘கடல்’ என்ற சொல் எங்கள் பேச்சில் இதுவரை வந்ததில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒரு பெண் கடலில் மூழ்கிப் போயிருந்தால் ஊர் கூடி அழும். நீந்திக் கரையேறி, நிமிர்ந்து நடந்து வந்தால்தான் ஊருக்குக் கேள்வி வருகிறது. ஆனால் ஊரை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியுமா? ஊர் பேசத்தான் செய்தது. கையெழுத்துப் போட்டது ஊர் இல்லையே...

இரண்டு வருஷத்துக்கு முன் சேலம் பஸ் ஸ்டாண்டில் சரோஜாவைப் பார்த்தேன். விளையாட்டு உடுப்பில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சூழ, கழுத்தில் விசிலோடு நின்றிருந்தாள். கொஞ்சம் நரைத்திருந்தது. எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று தெரியவில்லை. பெண்களை எண்ணி எண்ணி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பத்தடி தூரம்தான்.

நான் கூப்பிடவில்லை.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள்... அந்தப் பயம்தான்.