ஆர்டித் போட்ட லாட்

மில்பர்ன் பள்ளி ஜிம்மின் சுவரில் இருபத்திரண்டு வருஷமாக ஒட்டப்பட்டு வந்தது கூடைப்பந்துப் போட்டிக்கு ஆர்டித் ஷ்ராக் கையால் வரைந்த ஃபிக்சர், அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற கட்டப்படம். பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் மதிய உணவு பரிமாறி ஓய்வு பெற்றவர். இறைச்சி பொதியும் காகிதத்தில் ஆறடி வெட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். கணக்கு எளிது. பதினோரு அணி வந்தால் கட்டம் பதினாறு. ஆகவே ஐந்து அணிகளுக்கு முதல் சுற்றில் 'பை'. ஆடாமலே அடுத்த சுற்று. மற்ற ஆறும் மோதிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எந்தக் கட்டம் என்பதை பாப்கார்ன் வாளி தீர்மானிக்கும். வியாழன் மாலை, எல்லாப் பயிற்சியாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஆர்டித் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வாளிக்குள் கை விட்டு எண் எழுதிய பந்துகளை எடுப்பார். பலமான அணி, சோதா அணி என்ற பேதம் இந்தியானா மாநிலத்தின் பழைய முறையில் கிடையாது. ஒருமுறை தன் மகன் பயிற்சி கொடுத்த அணியை, அந்த வருஷம் கோப்பையைத் தூக்கிய அணியோடு முதல் ஆட்டத்திலேயே மாட்டிவிட்டார். முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. நவம்பரில் வரும் நன்றியறிதல் பண்டிகை வரைக்கும் மகன் போன் பண்ணவில்லை. "பந்துக்கு நான் அம்மா இல்லையே" என்றார் ஆர்டித்.

இந்த வருஷம் ஆறாம் வகுப்புப் பெண்களுக்கான போட்டியில், பைன் ஃபோர்க் என்ற ஏழே பேர் கொண்ட பண்ணையூர் அணிக்கு வாளி ஒரு பை கொடுத்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தால் போதும். நகரத்துப் பெரிய கிளப்பான ப்ளூ காமெட்ஸுக்குப் பை இல்லை. எட்டு மணிக்கே, அதுவும் இன்னொரு வலுவான அணியோடு ஆட வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஆர்டித் ஜிம்முக்குள் நுழைந்தபோது சுவரில் அவருடைய காகிதம் இல்லை. பளபளவென்று கம்ப்யூட்டரில் அச்சடித்த தாள் தொங்கியது. அதில் காமெட்ஸுக்குப் பை. பைன் ஃபோர்க்குக்கு எட்டு மணி ஆட்டம்.

"யாரு இதை மாத்தினது?"

போட்டியின் புதிய நிர்வாகி பிரெண்ட் கெஸ்லிங் காப்பிக் கோப்பையோடு வந்தான். "நான்தான், ஆர்டித். நல்ல டீம் ரெண்டும் முதல் ரவுண்டுலயே மோதிக்கிட்டா ஃபைனல்ல கூட்டம் வருமா? எல்லாருக்கும் நேத்தே மெசேஜ் போட்டுட்டேன்."

"வாளிக்கும் மெசேஜ் போட்டியா?"

"கோவப்படாதீங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தான் தரம் பார்த்துப் போடுறாங்க."

"போடட்டும். போட்டி அறிவிக்கும்போதே சொல்லிட்டுப் போடட்டும். பதினோரு பேரை நிக்கவெச்சு லாட் எடுத்துட்டு, ராத்திரியில கட்டத்தை மாத்துறதுக்குப் பேரு தரம் இல்ல, திருட்டு. சின்னப் பொண்ணுங்க பையைத் தூக்கி ஒரு கிளப்புக்குக் குடுத்திருக்கே!"

ஆர்டித் பைன் ஃபோர்க் பயிற்சியாளர் லைல் ஓவர்மையரை போனில் பிடித்தார். "இப்பத்தாங்க மெசேஜையே பார்த்தேன்! வீடு வீடா எழுப்பி வண்டியில ஏத்திக்கிட்டிருக்கேன். எப்படியும் உங்க கடிகாரத்துக்கு எட்டே முக்கால் ஆயிடும்."

விதி தெளிவானது. குறித்த நேரம் தாண்டிப் பத்து நிமிஷத்தில் வராவிட்டால் எதிரணிக்கு வெற்றி. எட்டு பத்துக்குப் பிரெண்ட் நடுவரைப் பார்த்துத் தலையாட்டினான். ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்திருந்த ஆர்டித், கடிகாரப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எட்டுன்னா எந்த எட்டு?"

"என்ன கேள்வி இது?"

"பைன் ஃபோர்க் மெது நேரத்துல இருக்கு. ஒரு மணி பின்னால. இருபத்திரண்டு வருஷமா என் தாள்ல தலைப்புக்கு மேலயே சிவப்புல 'வேக நேரம்'னு எழுதறேன். உன் தாள்ல எங்கே இருக்கு? மெசேஜ்லயாவது இருக்கா?"

பிரெண்ட் தாளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மாவட்ட எல்லையைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி பின்வாங்கும் இந்தப் பக்கத்தில், எந்த ஊர் நேரம் என்று எழுதாமல் விடுவது குழந்தைகூடச் செய்யாத தவறு. அவன் கம்ப்யூட்டர் செய்திருந்தது.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே..."

"பைன் ஃபோர்க்குக்குப் பைங்கிறதும்தான் எல்லாருக்கும் தெரிஞ்சது."

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்த நடுவர், கடமை உணர்வோடு தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "என் வாட்சுல ஏழு பத்துதான்" என்று சொல்லி விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பைன் ஃபோர்க் ஜெயிக்கணும்னு உங்களுக்கு ஆசை. அதான் இவ்வளவும்" என்றான் பிரெண்ட்.

"நாற்பது புள்ளியில தோக்கட்டும், எனக்கென்ன? ஆடித் தோக்கட்டும். ஆறாம் வகுப்புல நீ ரெண்டாவது துண்டு பீட்சா கேட்டு வரிசையில புகுந்தப்பவும் இதைத்தான் சொன்னேன். கடைசியில போய் நில்லுன்னு."

எட்டு நாற்பத்தேழுக்கு மூன்று கார்கள் வந்தன. ஏழு பெண்கள், பாதிப் பேருக்கு ஷூ கயிறு கட்டாமல். ஆர்டித் கடிகாரத்தை ஓடவிட்டார். தூக்கக் கலக்கம் தெளிவதற்குள் பன்னிரண்டு புள்ளி போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு புள்ளி மீட்டார்கள். பதினோரு புள்ளி வித்தியாசத்தில் தோல்வி.

லைல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேஜைக்கு வந்தார். "ரொம்ப நன்றிங்க. ஆடாமலே திரும்பியிருப்போம்."

"நன்றி சொல்லாதே லைல்" என்று எரிந்து விழுந்தார் ஆர்டித். "இந்த ஆட்டமே உங்களோடது இல்ல. நீங்க இந்நேரம் வீட்டுல அப்பம் தின்னுட்டு இருந்திருக்கணும். அந்தப் பையை என்னால மீட்டுத் தர முடியல."

அடுத்த ஆட்டத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க, பொத்தானைக் கோபத்தோடு ஓங்கிக் குத்தினார்.