கூரை டாக்டர் கெட்டி என்று சொன்ன அறை

என் வீட்டுக்காரருக்கு எங்கள் பக்கத்தில் கூரை டாக்டர் என்று பேர். இருபத்தைந்து வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறவர். மழைக்காலம் வருவதற்கு முன்னால் ஆட்கள் வீடு தேடி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். மொட்டை மாடியில் ஏறி தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்ப்பார். கீழே வந்து, பழுப்பு வட்டம் இருக்கிறதா, கம்பி போன வழியே விரிசல் ஓடுகிறதா என்று பார்ப்பார். கடைசியில்தான் முக்கியமான சோதனை. நீளக் கழியால் கூரையின் அடிப்பக்கத்தை ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போவார். 'டக்' என்று கேட்டால் கெட்டி. 'டொப்' என்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, அடியில் இருக்கிற காரை பிரிந்து நிற்கிறது என்று அர்த்தம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. விழுகிற அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் வாயிலிருந்து 'கெட்டி' என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். மனிதருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான். இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

அன்று காலை அடுத்த தெரு டீச்சர் வீட்டுக்குப் போய் வந்தார். டீச்சரின் கணவருக்குத் தொடை எலும்பு முறிந்து, இடுப்பு வரை மாவுக்கட்டு. படுத்த படுக்கை. அந்த அறையில் போன மாதம்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள், அதனால் கறை ஏதும் கண்ணில் படவில்லை. மாடியில் தண்ணீர் போகும் குழாயை இலை அடைத்திருந்ததாம். அதை எடுத்துப் போட்டுவிட்டு, அறையைத் தட்டிப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

அவருடைய போன் இடது பக்கம், கை எட்டும் தூரத்தில் கிடந்தது. அது அடிக்கிறது, அடிக்கிறது, மனிதர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் பேசுவதைத்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். புருஷன்மார்களுக்கு அது வழக்கமான வியாதிதானே.

"என்னங்க, போன் அடிக்குது."

"எங்க?"

அவர் வலது பக்கம் திரும்பித் தேடினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"மூணு வருஷம் இருக்கும். இடது காது சுத்தமா கேக்கல. வலதுலயும் ஒரே இரைச்சல்."

"அப்புறம் எதை வச்சுத் தட்டிப் பாக்குறீங்க?"

"கைக்குத் தெரியும்."

"காலைல டீச்சர் வீட்டுல கைக்குத் தெரிஞ்சுதா?"

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். இவருடைய வீம்பில் இடி விழ என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்த நேரமில்லை. எழுந்து ஓடிவர முடியாத ஒருவர் அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருந்தார். கழியை நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த தெருதான், ஆனால் நடக்க நடக்க வழி நீண்டுகொண்டே போனது. யாராவது எங்காவது கதவைச் சாத்தினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டீச்சர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"இன்னொரு தடவை தட்டிப் பாக்கணும். ஃபேனை நிறுத்துங்க," என்றேன்.

என் வீட்டுக்காரர் கழியை வாங்கி, சுவரோரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். டக். டக். டக். கட்டிலுக்கு மேலே வந்ததும், காலி அட்டைப்பெட்டியைத் தட்டினது போல 'டொப்' என்றது. அவரோ அதே முகத்தோடு அடுத்த தட்டுக்குக் கழியைத் தூக்கினார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"தட்டாதீங்க. முதல்ல கட்டிலை நகர்த்துங்க."

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "காலைலதானே கெட்டின்னு சொன்னீங்க? அவரை அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எதை நம்புறது?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குக் காது கேக்கல, டீச்சர். காலைல சொன்னது தப்பு."

இருபத்தைந்து வருடப் பேரை அவர் அந்த இரண்டு வரியில் தொலைத்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கட்டிலின் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து, கட்டிலோடு நோயாளியை அலுங்காமல் கூடத்துக்கு இழுத்தோம். பிறகு என் வீட்டுக்காரர் அறை வாசலில் நின்றபடி கழி நுனியால் அந்த இடத்தில் ஒரு குத்து குத்தினார். கதவு அகலத்துக்கு ஒரு பாளம் அப்படியே இறங்கியது. தூசு அடங்கியபின் மேலே பார்த்தால் கம்பிகள் செதில் செதிலாக உரிந்து தொங்கின. தலையணை இருந்த இடத்தில் ஒரு ஆள் தூக்க முடியாத துண்டு கிடந்தது. டீச்சர் கணவரின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் கூரைக்கு முட்டுக் கொடுத்து வேலையை ஆரம்பித்தார். பிரிந்த காரையை முழுக்கச் செதுக்கி எடுத்து, கம்பிகளில் துருவைத் தேய்த்து, மருந்து பூசி, புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, புதிதாகக் காரை பூசவேண்டும். மாடித் தளத்தில் தண்ணீர் தேங்காதபடி சரிவும் எடுக்கவேண்டும். தட்டிப் பார்க்கிற வேலை மட்டும் என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் ஏணியிலிருந்து இறங்கி மணல் குவியல்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன கணக்கு?"

"இந்த மூணு வருஷத்துல கெட்டின்னு சொன்ன வீடு. தையல்கடை மாடி. கம்பவுண்டர் வீடு. பால்காரர் தம்பி வீடு..."

பதினாறு சொன்னார். பதினேழாவதுக்கு விரல் மடங்கவில்லை. அது எந்த வீடு என்று எனக்கும் தெரியும். எங்கள் மகள் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு குடி போன வீடு. தாராளமாகப் போகலாம் என்று தட்டிப் பார்த்துச் சொன்னவர் இவர்தான்.

மகளுக்குப் போன் போட்டேன். நான்காவது மணியில் எடுத்தாள். தூங்கிக்கொண்டிருந்த குரல்.

"குழந்தையைத் தூக்கிட்டு வெளியில வாம்மா. ஏன்னு கேக்காத. இப்பவே வா."

அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ன சொல்றா? எனக்குக் கேக்கல. வெளியில வந்துட்டாளா?"