செம்புத் தோல் இல்லாத ஒரு காசு

எங்கள் அத்தைக்குக் கெட்டுப்போன காசு என்றால் உயிர். நல்ல காசையெல்லாம் கடையில் கொடுத்துச் செலவழித்துவிடுவாள். கோணலாக அச்சு விழுந்தது, விளிம்பு நசுங்கியே பிறந்தது, ஒரு பக்கம் மொட்டையாக வந்தது, இவற்றைத்தான் பிஸ்கட் டின்னில் போட்டுப் பத்திரப்படுத்துவாள். அவள் என் அப்பாவின் கடைசித் தங்கை. மலேசியாவில், கேமரன் மலையில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். சம்பள நாள் சாயங்காலம் மற்றப் பெண்கள் நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போக, இவள் சில்லறையை வீட்டு முன்திண்ணையான அஞ்சடியில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள் அந்த வேலைக்கு மட்டும் பூப்போல ஆகிவிடும்.

அத்தைக்கு ஒரே ஓர் எதிரி இருந்தார். பக்கத்து ஊர் திரிங்காப்பில் சொந்தமாகக் காய்கறி போட்டு, ஞாயிறுதோறும் லாரியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு விற்க வருகிறவர். அவரும் கெட்ட காசு சேர்க்கிற ஆள்தான். வியாபாரம் முடிந்ததும் லாரி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வருவார். அத்தை டின்னைத் திறப்பாள். இருவரும் எங்கள் அஞ்சடியில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். அம்மா தேத்தண்ணி கொடுத்து மாளாது. மற்ற வீடுகளுக்கு ஒரு கட்டுக் கீரை கொடுக்கிற காசுக்கு எங்களுக்கு மட்டும் இரண்டு கட்டுக் கொடுத்தார் லாரிக்காரர். அத்தையிடம் தோற்றுப்போகிற பயத்தில் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

இரண்டு பேரிடமும் இல்லாத காசு ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் சண்டை நின்றுவிடும்.

"இப்ப வர்ற ஒரு காசு நாணயம் இருக்கில்ல, உள்ள முழுக்க இரும்பு. மேல செம்புத் தோல் மட்டும் போர்த்தியிருக்கான். எப்பவாச்சும் ஒன்னு தோல் இல்லாமயே அச்சுக்குப் போயிடும். வெள்ளை வெளேர்னு இருக்கும்லா. என் ஆயுசுக்கு அதுல ஒன்னு பாத்தா போதும்," என்பார் லாரிக்காரர்.

"நான் மொதல்ல பாக்குறேன், அப்புறம் உங்களுக்குக் காட்டுறேன்," என்பாள் அத்தை.

கடைசியில் அதைப் பார்த்தது நான். தோட்டத்துக் கடையில் ஐந்து காசுக்கு ஐந்து மிட்டாய் வாங்கலாம். நான் நாலுதான் வாங்குவேன். மிச்சம் ஒரு காசு கைக்கு வந்தால் புரட்டிப் பார்க்கலாமே என்று ஐந்தாவது மிட்டாயைத் தியாகம் செய்கிற அளவுக்கு அத்தையின் பைத்தியம் என்னையும் பிடித்திருந்தது. அப்படி ஒரு நாள் மிச்சமாக வந்தது வெள்ளையாக வந்தது. அதே அளவு, அதே பாராளுமன்றக் கட்டடம், அதே பிறை, எல்லாம் கூர்மையாக. நிறம் மட்டும் செம்பு இல்லை. மூச்சிறைக்க ஓடிப்போய் அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன். முதுகுக் கூடையைக்கூட இறக்காமல் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். முகம் சுருங்கியது. பிறகு ஒரே வார்த்தை சொன்னார்.

"ஈயம்."

"என்னது?"

"செம்புக் காசு மேல ஈயம் பூசியிருக்கு. திருவிழாவுக்காகக் கோயில் அண்டாவுக்கு ஈயம் பூச கீழ தாப்பா டவுன்லேர்ந்து ஆள் வந்திருந்தாரே. போன வாரம் நான் வந்தப்ப இந்தப் பாப்பா அங்கதான் குந்திக்கிட்டிருந்துச்சு."

குந்திக்கொண்டிருந்தது உண்மை. நெருப்பில் அண்டா பளபளவென்று வெளுப்பதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் காசைக் கொடுத்துப் பூசச் சொல்கிற சாமர்த்தியம் எனக்கு அப்போது இல்லை.

"ஓரத்துல அரம் போட்டுப் பாத்துடலாம். சிவப்பா தெரிஞ்சா ஈயம் பூசினது," என்றார்.

"அரம் போட்டா காசே போச்சு!" என்று அத்தை பிடுங்கிக்கொண்டாள்.

"அப்ப வேற எப்படியாச்சும் காட்டுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். நெசம்னா என் பெட்டி உங்களுக்கு. பொய்யின்னா உங்க டின்னு எனக்கு."

"சரி," என்றாள் அத்தை. ரோஷக்காரி. எட்டு வருஷமாகச் சேர்த்ததை ஒரு சொல்லில் வைத்துவிட்டாள்.

லாரி போனதும் என் பக்கம் திரும்பினாள். "உண்மையச் சொல்லுடி. அந்த ஆளுகிட்டக் குடுத்துப் பூசிக்கிட்டு வந்தியா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. லாரிக்காரர் சொன்னது வலிக்கவில்லை. அத்தை கேட்டது வலித்தது. இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பின மாதிரியும் தெரியவில்லை, நம்பாத மாதிரியும் தெரியவில்லை. காசை என் கையிலேயே திணித்து, "நீயே வச்சிரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நிரூபிக்க எனக்கு எந்த வழியும் தெரியவில்லை. தெரிந்த ஒரே வழி சாமிதான். அம்மா வெள்ளிக்கிழமைகளில் உப்பு ஜாடிக்குள் ஒரு பத்துக் காசைப் புதைத்து வைப்பாள். உப்பில் லட்சுமி இருக்கிறாள், காசு நிலைக்கும் என்று நம்பிக்கை. அந்த வெள்ளிக்கிழமை நானும் தலைக்குக் குளித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் என் வெள்ளைக் காசை ஜாடியின் அடியில் புதைத்தேன். இது நிஜம் என்று நீயே எல்லாருக்கும் காட்டிக்கொடு என்று லட்சுமியிடம் கொஞ்சம் அதிகாரமாகவே சொல்லி வைத்தேன். எங்கள் மலையில் உப்பு எப்போதும் பனியில் நனைந்து சேறுபோல இருக்கும் என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லயமே எங்கள் அஞ்சடியில் கூடிவிட்டது. நான் ஜாடிக்குள் கையை விட்டுத் துழாவிக் காசை எடுத்தேன். காசு முழுக்கச் செம்பழுப்பாக இருந்தது.

லாரிக்காரர் வாங்கிப் பார்த்தார். "ஈயம் கழண்டுடுச்சு. உள்ள இருக்குற செம்பு தெரியுது பாத்தீங்களா?" ஜெயித்தவர் குரலில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. அத்தை பிஸ்கட் டின்னை அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் கண் கலங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

அப்பா இந்த அமளி எதிலும் கலந்துகொள்ளாமல் ஓரமாக உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற அந்தக் கத்திகள் மழையில் நனைந்து துருவேறும். ஞாயிறானால் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்ப்பது அவர் வழக்கம். நான் அழுதுகொண்டே அந்தத் துணியைப் பார்த்தேன். துணி முழுக்கச் செம்பழுப்பு. என் காசின் மேல் இருந்த அதே நிறம்.

என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் அப்பா கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன். லாரிக்காரர் கையிலிருந்த காசையும் பிடுங்கினேன். தேய் தேயென்று தேய்த்தேன். பழுப்பெல்லாம் துணிக்குப் போனது. காசு வெள்ளையாகத் திரும்பி வந்தது. பிறைக்குப் பக்கத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

"இது துரு! அப்பா கத்தியில புடிக்கிற அதே துரு!" என்று கத்தினேன். "செம்பு துருப்பிடிக்குமா? கோயில் சொம்புல பச்சையாத்தானே புடிக்குது? ஈயம் துருப்பிடிக்குமா?"

அப்பா எழுந்து வந்து காசை வாங்கி, மறுபக்கத்தைத் தானே ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்தார். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர் அன்று ஒன்றைச் செலவழித்தார்.

"இரும்புதான்லா."

லயம் ஆரவாரித்தது. லாரிக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் இரண்டு கையாலும் மரப்பெட்டியைத் தூக்கி அத்தையின் முன்னால் வைத்து, "தோத்துட்டேங்க," என்றார். அத்தை பெட்டியைத் தொடவில்லை. எல்லார் முன்னிலையிலும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "உன்னயப் போயி சந்தேகப்பட்டுட்டேன்டி," என்று அழுதாள். எனக்கு அப்போதே மன்னிக்கத் தோன்றிவிட்டது. ஆனாலும் சும்மா விடவில்லை. அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை நடந்தேன். சாமி ஊர்வலம்கூட அவ்வளவு மெதுவாகப் போனதில்லை.

அடுத்த ஞாயிறு லாரி வந்தபோது அதில் காய்கறி இல்லை. லாரிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கினார். கூடவே அவருடைய அம்மா, பெரியவர்கள் இரண்டு பேர், தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை. அவர் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. ஆள் பலத்தோடு பெட்டியைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார்! ஓடிப்போய்ப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"தோத்தவங்க திருப்பிக் கேக்கக் கூடாது!" என்றேன்.

அவருடைய அம்மா சிரித்தார். "அத நீங்களே வச்சிக்குங்கம்மா. நாங்க வேற ஒன்னு கேட்டு வந்திருக்கோம்."

"வெள்ளைக் காசா? அதுவும் கெடையாது!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். உள்ளே புதுப்புடவையில் நின்ற அத்தை முகத்தை மூடிக்கொண்டாள். அவமானத்தில் மூடிக்கொள்கிறாள் என்று நினைத்து, அவளுக்காகவும் சேர்த்துப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திருவிழா முடிந்த கையோடு அத்தை திரிங்காப்புக்குப் போனாள். லாரியின் முன் சீட்டில், மடியில் அவளுடைய டின்னும் அவருடைய பெட்டியும். வெள்ளைக் காசை மட்டும் என் கையில் வைத்து மூடிவிட்டுப் போனாள். லாரி வளைவில் திரும்பும்வரை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவ்வளவு பேர் முன்னால் ஒன்பது வயதுப் பெண்ணிடம் தோற்றுப்போன மனுஷர், என்னத்துக்கு அப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஹாரன் அடித்தபடி போகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.