சாட்சி சொல்ல மறுத்த சுசீலா

சுசீலா காலமான செய்தி காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வந்தது. அவருடைய தம்பிதான் கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க" என்றார். வீரபாண்டியில் இருக்கும் எங்கள் சாயப்பட்டறையின் லேபில், சுசீலா உட்காரும் நாற்காலிக்கு எதிரே நான் நின்றுகொண்டிருந்தேன். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். அவர் பிழைப்பார் என்று எங்கள் அம்மன் எனக்கு வெள்ளைப் பூ கொடுத்திருந்தாள். அதைச் சொல்லாமல் சுசீலாவைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேதியியல் படித்துவிட்டு வேலைக்காகத் திருப்பூர் வந்தவர். கேட்ட நிறம் வருவதற்கான சாயக் கலவையைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. சாயமேறி வந்த துணி அந்த நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. இருவருக்கும் ஒரே வயது, ஒரே மேசை. "நீங்க தும்முனாக்கூட 'ங்க' போட்டுத்தான் தும்முவிய" என்று என்னைக் கேலி செய்வார். "உங்க ஊர்ல நலம் விசாரிச்சாலே சண்டை போடற மாதிரி இருக்குதுங்க" என்று நானும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சர்ச்சுக்குக் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் போவார். அதனால் பட்டறையில் எல்லோரும் அவரைச் சாமி இல்லை என்பவர் கணக்கில் சேர்த்திருந்தார்கள். ஓர் ஆயுதபூஜையன்று, எப்போதும் கறுப்புச் சட்டையிலேயே வரும் எலக்ட்ரீசியன் மணியண்ணன் லேபுக்கு வந்தார். "சயின்ஸ் படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. சாமி இல்லீன்னு நிரூபிச்சாச்சுங்கல்ல?" என்றார். சுசீலா நிறம் அளக்கும் மெஷினைக் காட்டினார். அதற்கும் பொட்டு வைத்து மல்லிகைச் சரம் சாத்தியிருந்தோம்.

"இந்தப் பூவோட கலர் என்னன்னு கேட்டா இந்த மெஷின் துல்லியமாச் சொல்லிரும். வாசம் இருக்கான்னு கேட்டா ஒண்ணும் சொல்லாது. அதுக்காவ வாசமே இல்லன்னு ரிப்போர்ட் குடுத்துருவியளா?"

மணியண்ணன் முகம் சுருங்கிப் போனது. பக்கத்தில் நின்ற முதலாளிக்கோ வாயெல்லாம் பல். "அப்ப சாமி இருக்குதுன்னு ஒத்துக்கறீங்க!" என்றார்.

"அதையும் நான் சொல்லலியே. இந்த மெஷினால சொல்ல முடியாதுன்னுதான் சொன்னேன்."

இருவரும் பொரிகடலையை வாயில் போடாமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. எங்கள் பக்கம் கல்யாணம் பேசுவதானாலும் கிணறு வெட்டுவதானாலும் முதலில் சாமியிடம் பூ கேட்போம். செவ்வரளியையும் வெள்ளரளியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. அவிநாசிபாளையம் தாண்டி இருக்கும் எங்கள் கோயிலுக்குப் போய், சுசீலா பிழைப்பாரா என்று கேட்டேன். வெள்ளை வந்தது. சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேனில் நோயின் அடையாளமே இல்லை.

உடனே ஆளாளுக்கு அவரைப் பங்கு போட ஆரம்பித்தார்கள். தம்பியின் சபைக்கு வந்து, ஜெபத்தால்தான் பிழைத்தேன் என்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். மணியண்ணன், எல்லாம் மருந்துதான், வேறொன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் பூக் கேட்டது தெரிந்து முதலாளி எங்கள் அம்மனுக்குப் பொங்கல் வைத்து, கூட்டத்தைக் கூட்டி, சுசீலா கையில் மைக்கைக் கொடுத்தார்.

"எனக்காவ வேண்டிக்கிட்டிய, அழுதிய. அத என்னைக்கும் மறக்க மாட்டேன்" என்றார் சுசீலா. "ஆனா சாட்சி மட்டும் கேக்காதீங்க."

"ஏனுங்க?" என்றார் முதலாளி.

"மருந்து, ஜெபம், பூ எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கலக்கித் துணிய முக்கி எடுத்துட்டு, எந்தச் சாயம் புடிச்சுதுன்னு கேக்கிய. பிரிச்சுப் பாக்கணும்னா யாருமே வேண்டிக்காத இன்னொரு சுசீலா வேணும். அவள நான் எங்க போய்த் தேட?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொங்கல் பானைகளுக்குப் பின்னால் அவரை இழுத்துப்போய், "எங்க அம்மனக் கொறச்சுப் பேசிப்போட்டீங்க" என்றேன்.

"கொறச்சுப் பேசல சாந்தா. காப்பாத்திதான் வச்சிருக்கேன். நான் பொழைச்சது சாமி இருக்கதுக்கு ஆதாரம்னா, நாளைக்கு நான் செத்தா அது சாமி இல்லங்கதுக்கு ஆதாரமாயிரும்லா? நமக்குப் பிடிச்ச ரிசல்ட்ட மட்டும் எடுத்து வச்சுக்க முடியாது."

அப்போது அது எனக்குப் புரியவில்லை. நன்றி கெட்ட பேச்சு என்றே நினைத்தேன்.

நோய் திரும்பி வந்தது. கடைசியாக அவர் வீட்டுக்குப் போனபோது, மறுபடியும் பூ கேட்கப் போவதாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

"கேக்காதீங்க. செவப்பு வந்தா இங்க வந்து பொய்யாச் சிரிப்பிய. வெள்ள வந்து நான் போயிட்டா, அம்மன் மொகத்துலயே முழிக்க மாட்டிய. சும்மா போய்க் கும்பிட்டுட்டு வாங்க."

"உங்களுக்குச் சாமி இருக்குதுன்னு தோணுதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை காலம் நான் கேட்காத கேள்வி அது.

"தெரியல. தெரியலன்னு சொல்லுதது எனக்குப் பாரமாவும் இல்ல. ஆனா நீங்க கும்பிடுதது எனக்குப் பிடிக்கும்."

செய்தி வந்த அன்று, அடக்கத்துக்குப் போகும் முன் கோயிலுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே பூசாரி அரளியை மடிக்க ஆரம்பித்தார். "பூக் கேக்கோணுங்களா அம்மிணி?"

"இல்லீங்க சாமி. சும்மா கும்பிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

பயந்துகொண்டேதான் அம்மனை நிமிர்ந்து பார்த்தேன். ஏன் என்னிடம் பொய் சொன்னாய் என்று கேட்டுவிடுவேனோ என்பதுதான் காலையிலிருந்து என் பயம். அந்தக் கேள்வி வரவே இல்லை. சுசீலா தன் உயிரை எதற்கும் ஆதாரமாகக் கொடுக்காமல் போயிருந்தார். அதனால் அவர் சாவும் எங்கள் அம்மனுக்கு எதிரான ஆதாரமாக இல்லை. அன்று பானைகளுக்குப் பின்னால் அவர் சொன்னது அப்போதுதான் விளங்கியது. அதுவரை வராத அழுகை வந்தது. அம்மன் முன்னாலேயே நின்று வாய்விட்டு அழுதேன். நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அவர் போனாரே என்ற துக்கம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியும்.

பூசாரியிடம் மடிக்காத அரளிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், இரண்டு நிறத்திலும். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து மண் தள்ளியதும் மடியிலிருந்த பூக்களை இரு கைகளிலும் அள்ளினேன். மணியண்ணன் வந்து என் கையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார். முதலாளியும் எடுத்துக்கொண்டார். தம்பிக்கு நானே கொடுத்தேன். எல்லோரும் சேர்ந்து தூவினோம். எந்த நிறம் முதலில் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

போயிட்டு வாங்க, சுசீலா.