மாதிரி வகுப்புக்கு ஒரு பிள்ளை: நீலாங்கரையிலிருந்து மாடம்பாக்கம் சாலை வரை

மாற்றுப் பள்ளிகளில் புதிதாக ஆசிரியராகச் சேர்ந்த இரண்டு மூன்று பேர், தாம்பரம் பக்கம் நடக்கும் பயிற்சி முகாமுக்குப் போகலாமா, எப்படிப் போவது என்று கேட்டிருந்தார்கள். போங்கள். ஆனால் 1992 ஆகஸ்டில் நான் போய்வந்த கதையைப் படித்துவிட்டுப் போங்கள். இனிமையான பயணம் வேண்டுமென்றால் இதே வலைப்பூவில் கொடைக்கானல் இருக்கிறது, அந்தப் பக்கம் நகர்ந்துவிடலாம்.

அப்போது நீலாங்கரைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் மாலை நேரக் கல்வி மையம் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் முப்பது பேர். நான் பிளஸ் டூ முடித்தவள், அவ்வளவுதான் தகுதி. ஒரு கரும்பலகை, ஒரு விளக்கு, ஒரு பாடநூல் கொடுத்துச் சொல்லிக்கொடு என்று அனுப்பிவிட்டார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

அந்த முப்பதில் ஒருத்தி கஸ்தூரி, பன்னிரண்டு வயது. எழுத்தெல்லாம் தனித்தனியாகத் தெரியும். க, ட, ல் என்று சொல்வாள். ‘கடல்’ என்று சேர்க்க வராது. கடலிலிருந்து நூறடியில் உட்கார்ந்துகொண்டு எட்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினோம். அவளும் அழுவாள், நானும் அழுவேன். அவள் அம்மா அஞ்சலை, தீபாவளிக்குள் படிப்பு ஏறாவிட்டால் மீன் கூடையைத் தலையில் ஏற்றிவிடுவேன் என்று கெடு வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சுற்றறிக்கை வந்தது. ஒருநாள் பயிற்சி. மாதிரி வகுப்புக்காக ஒவ்வொரு ஆசிரியரும் தன் மையத்திலிருந்து ஒரு பிள்ளையை அழைத்து வர வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. எனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள், கஸ்தூரியைக் கண்ணெதிரே வைத்து வழி காட்டுவார்கள் என்று நம்பினேன்.

காலை 6.10க்குப் பேருந்து. திருவான்மியூர் ஆறு கிலோமீட்டர், டிக்கெட் தொண்ணூறு பைசா. அங்கிருந்து வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் வண்டி, இரண்டு ரூபாய். மேடவாக்கத்தில் அன்றைக்கு வயலும் கிணறும்தான். இன்று அதே இடத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கஸ்தூரி ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளில் தெரிந்த எழுத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். 8.20க்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி, மாடம்பாக்கம் சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் கல்யாண மண்டபம். அதுதான் பயிற்சி இடம்.

பயிற்சியாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு வரி படிக்கச் சொன்னார். பதினோரு பிள்ளைகள் கடகடவென்று படித்தன. கஸ்தூரி எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டு நின்றாள். சார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மேலேருந்து ஆபீசர் வர்றாரும்மா. இந்தப் பொண்ணை வெச்சுகிட்டு நான் என்னத்த டெமான்ஸ்ட்ரேட் பண்றது?”

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் திருநீர்மலையிலிருந்து வந்த வசந்தா அக்கா, இதே போல ஒரு மையம் நடத்துகிறவர், என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கூட்டி வந்தது நாலாவது படிக்கும் தங்கை மகளை.

“இன்னா பொண்ணு நீ. நெஜமாவே படிக்கத் தெரியாத புள்ளயை யாராவது இட்டுகினு வருவாங்களா?”

எல்லோருக்கும் தெரிந்த வழக்கமாம். எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

கஸ்தூரியைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். பதினொன்றரைக்கு அதிகாரி வந்தார். மாதிரி வகுப்பு தொடங்கியது. பிள்ளைகள் முதலில் படிக்கத் தெரியாதது போலத் திணறின. சார் படத்தைக் காட்டினார், சொல்லைப் பிரித்தார், சேர்த்தார். இருபது நிமிடத்தில் அத்தனையும் சரளமாகப் படித்தன. அதிகாரி கைதட்டினார். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அதிகாரி போன பிறகு கேள்வி நேரம். எழுத்து தெரிந்தும் சேர்த்துப் படிக்க வராத பிள்ளைக்கு என்ன செய்வது என்று எழுந்து கேட்டேன். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடு என்றார் சார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாம்பார் சாதத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம் வருகைப் பதிவேடு எழுதுவது பற்றி. ஆள் குறைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள், எனவே ஏட்டில் ஆள் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கமாக, பொறுமையாக, கரும்பலகையில் கட்டம் போட்டே சொல்லிக்கொடுத்தார். நல்ல ஆசிரியர்தான், பாடம்தான் வேறு.

4.40க்குத் திரும்பும் வண்டி. பள்ளிக்கரணை தாண்டியதும் கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள்.

“அந்த அக்கா இட்டுகினு வந்த பொண்ணு பலகையைப் பாக்காமயே பட்ச்சிச்சுக்கா.”

நீயும் படிப்பாய் என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

“ஒனக்கும் சொல்லிக் குடுக்கத் தெரியல, அந்த சாருக்கும் தெரியல. வுடுக்கா.”

மறுநாள் அவள் வரவில்லை. அஞ்சலை தீபாவளி வரை காத்திருக்கவில்லை. அந்த வாரமே கூடை ஏறியது. வீட்டுக்குப் போய்க் கூப்பிட எனக்கு முகம் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு: பேருந்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். உங்கள் பிள்ளைக்கு எது வரவில்லை என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போய், முதல் மணியிலேயே கேளுங்கள். படிக்கத் தெரியாத பிள்ளை ஒன்றுக்குக் கடைசியாக எப்போது சொல்லிக்கொடுத்தீர்கள் என்று பயிற்சியாளரையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வண்டியைப் பிடித்துத் திரும்பிவிடுங்கள். பிள்ளையை மட்டும் காட்சிக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

நான் அன்று கற்றது ஒன்றே ஒன்று, அதை ஒழுங்காகச் செய்தேன். கஸ்தூரி பெயருக்கு நேரே மார்ச் வரை ஆஜர் போட்டேன். ஆண்டு முடிவில் எழுதப் படிக்கக் கற்றவர்கள் பட்டியலில் அவள் பெயரும் போயிற்று. நான்கு வருடம் கழித்துத் திருவான்மியூர் நிறுத்தத்தில் மீன் கூடையோடு நின்றவள், வந்த வண்டியைக் காட்டி, இது எந்த ஊருக்குப் போகிறது என்று என்னிடம்தான் கேட்டாள்.