தளத்துக்கு அடியில் சின்னவன்

அந்தக் கட்டடத்தில் தோண்டியக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆள் குள்ளம், தோண்டிக் குடம் மாதிரி கொஞ்சம் உருண்டை. தொழிலும் தோண்டுவதுதான். யாரோ ஒரு நாள் கேலியாக வைத்த பெயர், சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது.

அவள் ஓட்டுவது மண் தோண்டும் இயந்திரம், அதிலும் ஆகச் சின்னது. பெரிய வண்டிகள் நுழைய முடியாத நிலவறை, சுவரோரம், சந்துபொந்து எல்லாம் அதற்குச் சொந்த வீடு மாதிரி. அகலம் ஒரு ஆள் கை விரித்து நிற்கிற அளவுகூட இருக்காது. அதற்கு அவள் வைத்த பெயர் சின்னவன். காலையில் கிளப்பும்போது இரண்டு தரம் இருமினால், "இவனுக்கு இன்னைக்கு சளி புடிச்சிருக்கு" என்பாள். டீசல் ஊற்றும்போது, "மெதுவா குடி, புரையேறிடும்" என்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். விளையாட்டுக்குச் சொன்னதாக இருந்தால்தானே சிரிக்க.

முதலில் அவளும் மற்றப் பெண்களைப் போல மண் சுமந்தவள்தான். ஒரு மத்தியானம் வண்டியின் பழைய ஓட்டுநர் நிழலில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, சும்மா உட்கார்ந்து பார்ப்போமே என்று இருக்கையில் ஏறினாள். உட்கார்ந்தவள் ஒரு பிடியை இழுத்தாள். வாளி மேலே எழுந்தது. இன்னொன்றை இழுத்தாள். தூங்கிக்கொண்டிருந்தவருடைய செருப்பு வாளிக்குள் வந்துவிட்டது. அவர் எழுந்து கத்துவார் என்று பார்த்தால், செருப்பைத் தேடிக்கொண்டே, "இன்னொரு தடவை செய், நீ எப்படி எடுத்தன்னு பாக்கலாம்" என்றார். அன்றிலிருந்து மண் சுமப்பது போயிற்று.

இப்போது அவள் கண் பெரியவன் மேல். வண்டிகளை வாடகைக்கு விடும் முதலாளியிடம் பெரிய தோண்டும் வண்டி ஒன்று இருந்தது. ஏறி உட்கார மூன்று படி, கண்ணாடி அறை, உள்ளே மின்விசிறி. அதன் ஓட்டுநர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். முதலாளி நிலவறைக்கே இறங்கி வந்து, தண்ணீர்த் தொட்டிக்கான குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலை முடிஞ்சிடுச்சா? சரி. நாளன்னைக்கு மத்தியானம் லாரி அனுப்பறேன். சின்னவன ஒரு கீறல் இல்லாம ஏத்திக் குடு. பெரியவன் சீட்டு உனக்கு. ஏத்திக் குடுக்கலன்னா வேற ஆள் ரெடியா இருக்கான்."

அன்று சாயங்காலம் அவள் தரையில் நடக்கவில்லை. சின்னவனுக்கு உறை மாட்டிவிட்டு, அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். நாத்தனார் வீடு மாறினாள். சாமான் தூக்க ஆள் வேண்டும்.

உறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் புருஷன் தையல்காரர். தார்ப்பாயைக் கண்டபடி போர்த்தி வைப்பது அவருக்குப் பொறுக்காது. நாலு மூலையும் மடிப்புக் குலையாமல், அலமாரிக்கு உறை போட்ட மாதிரி சதுரமாகத் தைத்துக் கொடுத்திருந்தார். நிறம் சிமெண்ட் நிறம். "தூசி பட்டாலும் தெரியாதுல்ல" என்றார். தூசி மட்டுமா தெரியவில்லை.

சின்னவனை நிலவறைக்குள் இறக்கியது கிரேன். அதற்காகத் தரைத்தளத்தில் ஒரு சதுர வாயை மூடாமல் விட்டிருந்தார்கள். சின்னவன் வெளியேறிய பிறகு அதை மூடுவதாக ஏற்பாடு. அவள் லீவு போட்ட அன்று மேல்மாடிக்கு வந்த கலவை லாரியில் கான்கிரீட் மிச்சமாகிவிட்டது. வீணாக்குவானேன் என்று இளம் இன்ஜினியர் நினைத்தார். பலகையும் கம்பியும் தயார். கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "தரைத்தள வாயை இன்றே மூடுகிறோம். கீழே யாருடைய பொருளாவது இருந்தால் உடனே சொல்லவும்."

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எது வந்தாலும் கட்டைவிரல். நாளை தண்ணீர் வராது என்றாலும் கட்டைவிரல், காவலாளிக்குக் காய்ச்சல் என்றாலும் கட்டைவிரல். கொத்தனார் போட்டார், கம்பி கட்டுபவர் போட்டார், குழாய்க்காரர் போட்டார். நாத்தனார் வீட்டு மாடிப்படியில் பீரோவின் ஒரு மூலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, மறு கையில் போனை எடுத்து, தோண்டியக்காவும் ஒன்று போட்டாள்.

மறுநாள் காலை சாப்பாட்டுப் பையோடு வந்தவள் வாய் இருந்த இடத்தில் நின்றாள். காலுக்குக் கீழே ஈரச் சாக்குப் போட்ட புதுக் கான்கிரீட். மழமழவென்று, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"தம்பி" என்றாள் இன்ஜினியரிடம். "என் பையன் எங்க?"

"எந்தப் பையன்க்கா?"

"சின்னவன்."

இன்ஜினியர் கையிலிருந்த டேப்லட்டைத் திறந்தார். கட்டடம் முழுவதும் அதில் முப்பரிமாணப் படமாக இருந்தது. ஒவ்வொரு குழாயும், ஒவ்வொரு சுவிட்சும். நிலவறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல கீழ ஒண்ணுமே இல்லையே."

"படத்துல இல்லன்னா கீழயும் இல்லாம போயிடுமா? வா."

இருவரும் படியில் இறங்கினார்கள். புதுத் தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக்கால்களுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். அதன் மேல் யாரோ சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைத்த டிபன் பாக்ஸ். அவள் உறையைத் தூக்கினாள். சின்னவன் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான்.

இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் இதைத் தொட்டின்னு நினைச்சேன்."

பலகை அடித்த தச்சரும் வந்து பார்த்தார். "நான் ஜெனரேட்டர்னு நினைச்சேன். இது மேலதான் ஏறி நின்னு ஆணி அடிச்சேன். நல்ல கெட்டியா இருந்துது."

"நீயும்தான்க்கா கட்டைவிரல் போட்டிருக்க" என்றார் இன்ஜினியர் மெதுவாக. போனை நீட்டினார். போட்டிருந்தாள். அதுவும் செய்தி வந்த நிமிஷமே.

மத்தியானம் லாரி வரும். லாரி வெறுமனே திரும்பினால் பெரியவன் வேறு ஆளுக்குப் போய்விடுவான். தளத்தை உடைக்கலாமா என்றால் இன்ஜினியர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். படி வழியாக ஏற்றலாமா என்றால் திருப்பத்தில் மாட்டும். பிரித்துத் துண்டு துண்டாக எடுக்கலாம் என்று குழாய்க்காரர் சொன்னதற்கு அவள் பார்த்த பார்வையில் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அப்போது இன்ஜினியர் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. கிரேன் ஓட்டுநர். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். அதனால் அவருக்கு மேலோகம் என்று பெயர். பேச ஆளில்லாமல் கீழே நடக்கிற எல்லாப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"லிஃப்ட் குழி என்னத்துக்கு இருக்கு?" என்றது மேலோகம். "சாமான் லிஃப்ட்டோட குழி நிலவறையில இருந்து உச்சி வரைக்கும் திறந்துதானே கெடக்கு. என் கொக்கிய அதுல விடறேன். மாட்டி வுடுங்க. இழுத்துக்கறேன்."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இன்ஜினியர் டேப்லட்டில் குழியின் அகலத்தை அளந்தார். தச்சர் நாடாவை எடுத்துக்கொண்டு நிஜக் குழிக்கே ஓடினார். இரண்டு அளவும் ஒத்துப்போயின. வாளிக் கையை மடக்கி மேல் பார்க்க வைத்தால் சின்னவன் உள்ளே போவான். கூரையைக் கழற்றினால் குழியின் வாசலிலும் நுழைவான். ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லிஃப்ட்காரர்கள் வந்து குழிக்குள் சாரம் கட்டிவிடுவார்கள். அதற்குள் முடிக்க வேண்டும்.

"யாரும் எதையும் தூக்க மாட்டீங்க" என்று ஒரு குரல் வந்தது. பாதுகாப்பு அதிகாரி. கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் விசில் சார். "செய்முறை எழுதணும். எந்த மாடியில யார் நிக்கறது, யார் சைகை குடுக்கறது, கயிறு எத்தனை. அப்புறம் எல்லாரும் ஒத்துக்கணும்."

"குழுவுல போடுங்க சார், இப்பவே ஒத்துக்கறோம்" என்றார் தச்சர்.

"கட்டைவிரல் செல்லாது. ஒவ்வொரு மாடி மேஸ்திரியும் வாயத் தொறந்து சொல்லணும், தன் மாடியில குழி வாசல்ல ஒண்ணும் நீட்டிக்கிட்டு இல்ல, நான் கண்ணால பாத்தேன்னு."

முடியாது என்று சொல்லவில்லையே என்று தோண்டியக்கா அவரைக் கும்பிடாத குறை. அவர் எழுத, இன்ஜினியர் படம் போட, அவள் சின்னவனின் கூரையைக் கழற்றினாள். முட்டுக்கால்களில் உரசாமல் அங்குலம் அங்குலமாக ஓட்டினாள். குழியின் பள்ளத்தை நிரப்ப அடுக்கியிருந்த மணல் மூட்டை மேல் ஏற்றி நிறுத்தினாள். தூக்குவதற்கான பட்டைகளை மாட்டினாள். கொக்கி இருட்டிலிருந்து மெதுவாக இறங்கி வந்து அவள் தலைக்கு மேல் நின்றது.

"நீ குழிய விட்டு வெளிய வா" என்றார் விசில் சார். "தூக்கும்போது யாரும் அடியில இருக்கக் கூடாது. பாக்கணும்னா படி வழியா ஏறி, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பாரு."

மேஸ்திரிகள் ஒவ்வொருவராக வாக்கிடாக்கியில் சொன்னார்கள். கண்ணால பாத்தேன். கண்ணால பாத்தேன். பூச்சு வேலை மாடியிலிருந்து, "ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்" என்று வந்தது.

சின்னவன் தரையை விட்டு எழுந்தான்.

தோண்டியக்கா படியில் ஓடினாள். தரைத்தளத்தில் போய் நிற்பதற்கும் சின்னவனின் வாளி வாசலில் தலை காட்டுவதற்கும் சரியாக இருந்தது. அவன் மேலே மறைந்தான். அவள் மறுபடி ஓடினாள். அடுத்த மாடியிலும் அப்படியே. அவள் வந்து நிற்பாள், அவன் தலை நீட்டுவான், பக்கவாட்டில் லேசாகத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போவான். ஒளிந்து விளையாடுகிற பிள்ளை மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கியது. இரண்டும் சேர்ந்து விக்கலாகிவிட்டது.

ஓடு பதிக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் கூடினார்கள். பூச்சுக்காரப் பெண்கள் கரண்டியை ஆட்டினார்கள்.

"எங்கடா கண்ணு கெளம்பிட்ட?"

"அம்மா பின்னாலயே வராங்க பாரு, மெதுவா போடா."

"அக்கா, நீயும் கொக்கியில தொங்கிக்கறது தானே? இப்படி இளைக்கறியே."

"இளைச்சா நல்லதுதான்டி" என்று விக்கிக்கொண்டே அவள் அடுத்த படிக்கட்டைப் பிடித்தாள்.

பெயிண்ட் அடிக்கிற மாடியில் ஏதோ இடித்தது. சின்னவன் நின்றான். மேலோகமும் நிறுத்திவிட்டது. குழிக்குள் ஒரு சாரக் குழாய் கையளவு நீட்டிக்கொண்டிருந்தது. வாளியின் பல் அதில் மாட்டியிருந்தது. அந்த மாடி மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"கண்ணால பாத்தேன்னு சொன்னியே" என்றாள் அவள்.

"பாத்தேன்க்கா. குழாயையும்தான் பாத்தேன். அது எப்பவும் அங்கதானே இருக்குன்னு விட்டுட்டேன்."

விசில் சார் படியேறி வந்தார். வேறு யாரையும் விடவில்லை. பாதுகாப்பு பெல்ட்டைத் தூணில் மாட்டிக்கொண்டு, போட்ட சட்டையோடு அந்தத் தூசியில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் குழாயை இந்தப் பக்கம் இழுத்தார். வந்தது. இழுத்த வேகத்தில் அவரும் பின்னால் உருண்டு பெயிண்ட் வாளியில் உட்கார்ந்தார். வெளிர் மஞ்சள். அவரே எழுந்து, பின்புறத்தைத் தடவிப் பார்த்து, "தூக்கு" என்றார் வாக்கிடாக்கியில். அதற்கப்புறம் அந்த மாடி சிரித்த சிரிப்பு மேலோகத்துக்கு வாக்கிடாக்கி இல்லாமலே கேட்டிருக்கும்.

கூரை இல்லாத உச்சி மாடிக்கு அவள் தவழாத குறையாக வந்து சேர்ந்தாள். சின்னவன் குழியிலிருந்து வெளியே வந்தான். வெயில் அவன் மஞ்சள் உடம்பில் பட்டது. அப்படியே இன்னும் மேலே போனான், திரும்பினான், தெருவுக்கு மேலே நீந்தினான். கீழே பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் வந்த பேருந்தைக்கூட விட்டுவிட்டார். அவளுக்குத் தலை சுற்றியது. உயரத்தாலா, ஓடியதாலா, சந்தோஷத்தாலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. மறுபடி இறங்கி ஓட வேண்டும். லாரி வந்து நிற்பது தெரிந்தது. பக்கத்தில் முதலாளி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அவள் தெருவுக்கு வருவதற்குள் சின்னவன் லாரியில் உட்கார்ந்துவிட்டான். முதலாளி அவனைச் சுற்றிச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார். கீறல் இல்லை.

"வழக்கமா வண்டி ரோட்டு வழியாதான் வரும்" என்றார்.

அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கட்டைவிரலையும் மறைக்கவில்லை. விக்கல் இடையிடையே வந்தது.

"ஒரு வண்டிய கட்டடத்துக்குள்ள வெச்சு மூட விட்டுட்டே" என்றார் அவர். "உன்ன நம்பி பெரியவனக் குடுத்தா அவனையும் எங்கயாவது மறந்துட்டு வருவே."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"அவன எங்கயும் மறக்க முடியாதுங்க முதலாளி. அவன் எந்தக் கட்டடத்துக்குள்ளயும் நுழைய மாட்டான்."

முதலாளி உதட்டைக் கடித்துக்கொண்டு லாரியின் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கட்டடத்தைப் பார்த்தார். வாசலில் இன்ஜினியரும், தச்சரும், பின்புறம் மஞ்சளாக விசில் சாரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. லாரியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"சரி, ஏறு" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்பவே வந்து பெரியவன கிளப்பிப் பாரு. நாளைக்கு காலையில வேலை இருக்கு."

அவள் நடைபாதை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்ன, வேணாமா?"

"வேணும்ங்க. ஒரு நிமிஷம் இருங்க. நான் வந்துட்டேன், என் காலு இன்னும் மேல இருந்து இறங்கி வரல."