மேல்மாடி ஜன்னலின் வெள்ளைத் துணி

இப்போது மியூசியமாகிவிட்ட வாதுமை அரண்மனையின் பட்டு அறையில் எர்மீனியாவுக்கு ஒரு நாற்காலி உண்டு. இருபத்தாறு வருஷமாக அதில் உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. எழுந்தால் யாரையாவது அதட்டப்போகிறாள் என்று அர்த்தம். சுவரில் இருக்கும் மஞ்சள் பட்டைத் தொடாதே, பிளாஷ் போடாதே, ஜன்னலைத் திறக்காதே. ஜன்னல் விஷயத்தில் இன்னும் கறார். காற்றும் வெயிலும் பட்டால் அந்தக் காலத்துப் பட்டு பொடிந்துபோகும். லிஸ்பனிலிருந்து வந்த மந்திரியின் மனைவியையே "கையை எடுங்கம்மா" என்று அதட்டியவள் என்று ஊரில் அவளுக்குப் பேர்.

ஜன்னலுக்கு நேர் கீழே பூங்கா. இடுப்பு உயரப் புதர்வேலியை வளைத்து வளைத்து வெட்டி இரண்டு பெரிய கிரீடங்கள் செய்திருப்பார்கள். கீழே நடப்பவர்களுக்குப் பச்சைச் சுவர் மட்டும்தான் தெரியும். கிரீடத்தைப் பார்க்க மேலே வர வேண்டும். அதனால் வெட்டும்போது கத்தரியோடு ஒருவர் கீழே, வெள்ளைத் துணியோடு ஒருவர் மேலே. துணி வலப்பக்கம் ஆடினால் வலப்பக்கம் வெட்டு, தலைக்கு மேலே போனால் நிறுத்து. மேலே எர்மீனியா, கீழே அவள் தம்பி அபீலியு.

இருவரும் பேசிப் பதினோரு வருஷம். அம்மாவின் கல்லறையில் பதிக்கும் பீங்கான் படத்துக்கு, அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோவைக் கொடுத்துவிட்டான். நவம்பர் முதல் தேதி, ஊரே கல்லறைத் தோட்டத்தில் பூவோடு நிற்கும்போது எர்மீனியா கத்தினாள். "யாருடா இவ? எனக்குத் தெரியாத பொம்பளைக்கா நான் பூ வைக்கணும்?"

"பின்னே, உன் மூஞ்சி மாதிரி சுருங்கினதையா வைக்கச் சொல்றே?" என்றான் அபீலியு. அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் காலையில் பூ வைப்பாள், அவன் சாயங்காலம் வைப்பான்.

ஆனாலும் துணி ஆடத்தான் செய்தது. கோபம் வேறு, வேலை வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் அவன் அவளைப் பார்ப்பதை நிறுத்தினான். அவள் துணியை ஆட்டுவாள். அவன் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். திமிர் என்று நினைத்தாள். துணியை மடித்து இழுப்பறையில் போட்டாள். இடதுபக்கக் கிரீடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு போவதை நாற்காலியிலிருந்தே பார்த்தாள். பொய் சொல்வானேன், ரசித்துத்தான் பார்த்தாள்.

அந்தோணியார் திருநாளுக்கு முதல் நாள் வானம் மூடியிருந்தது. வெயிலில் வெட்டினால் இலை கருகும் என்பதால் அபீலியு இந்த மாதிரி நாளுக்குத்தான் காத்திருப்பான். காலையிலேயே கத்தரியோடு இறங்கிவிட்டான். போர்த்து நகரத்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்த டீச்சர் ஒருத்தி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "ஏங்க, அந்தக் கிரீடத்து மேல யாராவது உக்காந்துட்டாங்களா?" என்றாள்.

"தோட்டக்காரரைக் கேளுங்க" என்றாள் எர்மீனியா.

மதியம் அரண்மனை நிர்வாகி டாக்டரம்மா வந்தாள். பட்டம் வாங்கிய எல்லாரும் அந்த ஊரில் டாக்டர்தான். இவள் படித்தது சரித்திரம்.

"நாலு மணிக்கு அமைச்சகத்துலேருந்து வர்றாங்க. இந்த ஜன்னல்லதான் நிப்பாங்க" என்றவள் கீழே பார்த்து முகம் சுளித்தாள். "இப்படியே இருந்துச்சுன்னா தோட்டத்தைக் காண்ட்ராக்டுக்கு விட்டுடுவேன், எர்மீனியாம்மா. உங்க தம்பி கார் நிறுத்துற இடத்தைப் பெருக்கட்டும்."

"அவன் கத்தரி பிடிச்சு முப்பது வருஷம் ஆச்சு டாக்டரம்மா."

"போதும்னுதான் நானும் சொல்றேன்."

அவள் போனதும் எர்மீனியா இழுப்பறையைத் திறந்து துணியை எடுத்து ஆட்டினாள். அபீலியு நிமிர்ந்தான். பார்த்தது இவளை அல்ல, பக்கத்து ஜன்னலை. தொப்பியைக் கழற்றினான். எந்தப் பக்கம் என்று இரண்டு கையையும் விரித்துக் கேட்டான். பதிலுக்குக் காத்து நின்றான்.

எர்மீனியா அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த ஜன்னலில் ஆள் யாரும் இல்லை. பழுதுபார்க்க இறக்கிய ஆளுயர விளக்கு ஒன்று, வெள்ளைப் போர்வை மூடி, இரண்டு வருஷமாக அங்கேதான் நிற்கிறது.

அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் தானாகவே வெட்ட ஆரம்பித்தான், வெட்டக் கூடாத இடத்தில். எர்மீனியா ஜன்னல் கொக்கியில் கை வைத்தாள். பழைய பெயின்ட் பிடித்துக்கொண்டிருந்தது. தோளால் இடித்ததும் திறந்துகொண்டது. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"டேய் அபீலியு! இந்தப் பக்கம்டா! இங்கே இருக்கேன்!"

குரல் வந்த பக்கம் திரும்பினான். "என்ன, யாரு செத்துட்டாங்க?" என்றான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அக்காவிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"இடதைத் தொடாதே! வெட்டினதைத் திரும்ப ஒட்டவா முடியும்? வலதையும் அதே அளவு குறைச்சுடு. போ, போ... நில்லு. அங்கேதான். நாலு விரல்."

"கத்தாதே. காது நல்லாத்தான் கேக்குது."

மூன்றே முக்கால் வரை அவள் கத்தினாள், அவன் வெட்டினான். நாலு மணிக்கு வந்தவர்கள் பார்த்தபோது கிரீடம் இரண்டும் ஒன்றுபோல் கொஞ்சம் தாழ்ந்திருந்தன. பழைய பாணி என்று ஒருவர் பாராட்டினார். நிர்வாகி சிரித்த முகத்தோடு எர்மீனியாவின் பக்கம் சாய்ந்து, "ஜன்னலை யார் திறந்தது?" என்றாள். "நான்தான்" என்றாள் எர்மீனியா. நாளைக் காலையில் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னாள் நிர்வாகி.

ஆறு மணிக்கு ஊழியர் வாசலில் அபீலியு காத்திருந்தான்.

"எப்பலேருந்துடா கண்ணு தெரியலை?"

"வெள்ளை தெரியும். நீ நிக்கறது தெரியும். அது போதாதா?" என்றான். தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "ரெண்டு வருஷமாத் தொப்பியைக் கழட்டிக் கழட்டிக் கேட்டேன்க்கா. நீ அசையவே இல்லை. சரி, இன்னும் மனசு ஆறலைபோலன்னு இருந்துட்டேன்" என்றான்.

அது விளக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்த இரண்டு வருஷமும் பக்கத்து ஜன்னலில் துணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

"ஆமாடா" என்றாள். "நான்தான் நின்னேன்."